பாலைவனத்தின் பெயரில் ஒரு சப்பாத்து

உலகம் முழுவதும் விற்பனையாகும் சப்பாத்துகளுள் மிகக் குறைந்த உறுப்புகளால் ஆனவற்றைப் பட்டியலிட்டால் 'டெசேர்ட் பூட்' முன்வரிசையில் நிற்கும். கணுக்காலைச் சற்றே மறைக்கும் உயரம். மேற்பகுதிக்கு இரண்டே இரண்டு தோல் துண்டுகள். நாடா கோப்பதற்குப் பக்கத்துக்கு இரண்டு துளைகள். அடியில் தேன் நிறத்தில், விரலால் அழுத்தினால் பாடசாலைப் பிள்ளையின் அழிறப்பரை நினைவூட்டும் கிறேப் இறப்பர். உள்ளே துணிப்படை இல்லை. முன்புறத்தில் விறைப்பான மூடி இல்லை. இங்கிலாந்தின் கிளார்க்ஸ் நிறுவனம் 1950ஆம் ஆண்டில் சந்தைக்குக் கொண்டுவந்த இந்தச் சப்பாத்து முக்கால் நூற்றாண்டைக் கடந்த பின்னரும் ஏறத்தாழ அதே வடிவில் விற்பனையாகி வருகிறது. உத்தியோகத்துக்கும் விருந்துக்கும் உரிய பளபளக்கும் கறுப்புச் சப்பாத்துக்கும், விளையாட்டு மைதானத்துக்குரிய கன்வஸ் சப்பாத்துக்கும் இடையில், சாதாரண நாளில் ஒரு மனிதன் போட்டுக்கொண்டு வெளியே போகக்கூடிய காலணி என்ற புதிய வகையையே அது நிலைநிறுத்தியது எனலாம்.

இதன் வடிவமைப்பாளர் யார் என்று எந்த ஆடையலங்கார நூலைப் புரட்டினாலும் நேதன் கிளார்க் என்ற ஒரே விடைதான் கிடைக்கும். அந்த விடை பொய்யன்று. ஆனால் அது ஒரு நீண்ட வாக்கியத்தின் கடைசிச் சொல் மாத்திரமே. அந்த வாக்கியத்தின் முன்பகுதியில் கெய்ரோவின் கடைத்தெரு இருக்கிறது. அதற்கும் முன்னே தென்னாபிரிக்காவின் புல்வெளி இருக்கிறது. அடித்தோலைத் திருப்பிப் பார்த்தால் நமது களுத்துறை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களும் தெரியக்கூடும். கடைசிச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வரலாறு ஏன் அழித்துவிடுகிறது என்பதே என் கேள்வி.

முதலில் நேதன் கிளார்க்குக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். 1916இல் பிறந்த அவர் கிளார்க்ஸ் நிறுவனத்தை நிறுவிய சகோதரர்களுள் ஒருவரான ஜேம்ஸ் கிளார்க்கின் கொள்ளுப்பேரன். 1825இல் சமர்செட் மாவட்டத்தில் 'ஸ்ட்ரீட்' என்ற கிராமத்தில் சைரஸ் கிளார்க் தொடங்கிய தோல் வியாபாரம் பின்னர் அவரது தம்பி ஜேம்சின் கைவண்ணத்தால் செம்மறித் தோலில் வீட்டுச் செருப்புத் தைக்கும் தொழிலாகி, ஒரு முழுக் கிராமத்துக்கும் சோறு போடும் ஆலையாக வளர்ந்தது. வீதி என்பதையே தன் பெயராகக் கொண்ட ஊர் உலகத்துக்கு நடக்கக் காலணி செய்து கொடுத்தது ஒரு வேடிக்கையான பொருத்தம்தான். குடும்பத்தினர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். போரை மறுப்பது அப்பிரிவின் அடிப்படைக் கொள்கை. ஆயினும் நேதன் இராணுவத்தில் சேர்ந்தார்.

1941இல் அவர் விநியோகப் படையணியின் அதிகாரியாகப் பர்மாவுக்கு அனுப்பப்பட்டார். ரங்கூனிலிருந்து சீனாவின் சொங்கிங் நகர் வரை பொருள் கொண்டுசெல்லும் பாதை அமைக்கும் பணி. புறப்படும்போது, போகும் இடத்தில் புதிய சப்பாத்து மாதிரிகள் ஏதாவது கண்ணில் பட்டால் குறித்து அனுப்பு என்று அண்ணன் பான்குரொப்ட் சொல்லி அனுப்பியிருந்தார். போருக்குப் போகும் தம்பிக்குச் சப்பாத்து வியாபாரி வேறென்ன சொல்வார்! நேதன் இரண்டு மாதிரிகளைக் குறித்து அனுப்பினார். ஒன்று, இந்தியத் துணைக்கண்டத்தின் 'சப்பிளி' என்னும் வார்ச் செருப்பு. மற்றது, வட ஆபிரிக்கப் பாலைவனப் போர்முனையிலிருந்து வந்திருந்த அதிகாரிகளின் கால்களில் அவர் கண்ட, கிறேப் அடித்தோல் வைத்த கணுக்கால் சப்பாத்து. எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்தபோது, கெய்ரோவின் கடைத்தெருவில் செய்வித்தோம் என்று விடை வந்தது.

ஸ்ட்ரீட்டில் இருந்தவர்கள் அந்தச் சித்திரங்களைப் பொருட்படுத்தவில்லை. போர் முடிந்து ஊர் திரும்பிய நேதன் தாமே தோலை வெட்டி மாதிரி தைத்தார். லீட்ஸ் நகரின் சார்ள்ஸ் ஸ்டெட் பதனிடும் ஆலையின் மெல்லிய சுவேட் தோலைத் தெரிவு செய்தார். தோலின் உட்புறத்தைத் தேய்த்து வெல்வெட்டுப் போன்ற மென்மயிர் எழுப்பப்பட்ட தோலே சுவேட். நிறுவனத்தின் தெரிவுக் குழு, இது ஒருபோதும் விலைபோகாது என்று கையை விரித்தது. 1949இல் அவர் மாதிரியைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவின் சிக்காகோ சப்பாத்துக் கண்காட்சிக்குப் போனார். அங்கே 'எஸ்குவயர்' சஞ்சிகையின் ஆடையலங்காரப் பகுதி ஆசிரியர் ஒஸ்கார் ஷோஃப்லர் அதைக் கண்டு வியந்தார். 1950இன் தொடக்கத்தில் அச்சஞ்சிகையில் வண்ணப் படங்களுடன் கட்டுரை வந்தது. வட அமெரிக்காவில் விற்பனை சூடுபிடித்தது. பிரித்தானியக் கடைகளுக்கு அது பிற்பாடே வந்து சேர்ந்தது. சொந்த ஊர் நம்பாத பொருளை அயலூர் ஒரு சஞ்சிகையாசிரியரின் கண்ணை நம்பி வாங்கியது. பத்திரிகைத் தொழிலைச் செய்பவன் என்ற முறையில் எனக்கு இந்த இடம் பிடித்தமானது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆக, கண்டெடுத்ததும், அளவு திருத்தியதும், நல்ல தோல் தேடியதும், குழுவின் எதிர்ப்பைத் தாண்டி விடாப்பிடியாக நின்றதும் நேதன் கிளார்க்கின் உழைப்பு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கெய்ரோக் கதையை அவர் மறைக்கவேயில்லை. நாம் அதை அறிந்திருப்பதே அவரது வாய்மொழியால்தான். 2011இல் தமது தொண்ணூற்று நான்காவது வயதில் அவர் காலமானபோது வெளியான அஞ்சலிக் குறிப்புகளிலும் கடைத்தெரு இடம்பெற்றது. ஆனால் எப்படி இடம்பெற்றது? சந்தையில் ஏதோ ஒன்று கிடந்தது, கூர்மையான கண்கொண்ட ஓர் ஆங்கிலேயர் அதைப் பார்த்தார், அன்றிலிருந்து வரலாறு தொடங்கிற்று என்ற தோரணையில். கடற்கரையில் கிடந்த சங்கைப் பொறுக்கியவரின் கதை போல. சங்கை யாரும் செய்வதில்லை. சப்பாத்தை ஒருவர் செய்தேயாக வேண்டும்.

அந்த ஒருவர் என்ன செய்தார் என்று சற்று நின்று பார்ப்போம். கெய்ரோவின் கான் எல்-கலீலி பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த வணிகத் தலம். செம்பும் வெள்ளியும் தோலும் கையால் வேலை செய்யப்படும் சின்னஞ்சிறு பட்டறைகளின் நெரிசல் அது. 1940களின் தொடக்கத்தில் கெய்ரோ நகரமே பிரித்தானியப் படைகளின் கொல்லைப்புறமாக மாறியிருந்தது. சாதாரணச் சிப்பாய்க்கு அரசாங்கம் கொடுத்தது ஆணி அறைந்த கனத்த பூட்ஸ். அதிகாரிகளுக்கோ சொந்தக் காசில் விருப்பம்போலச் செய்வித்துக்கொள்ளும் சுதந்திரம் இருந்தது. பாலைவனப் போர்முனையில் உடை விதிகளும் தளர்ந்து போயிருந்தன. அவர்கள் கேட்டது இலேசான, மணலில் புதையாத, வெயிலில் காலை வேகவைக்காத ஏதாவது ஒன்று.

பட்டறைக்காரர் கொடுத்த விடையின் அழகு அதன் சிக்கனத்தில் இருக்கிறது. அதிகம் துளைகள் இருந்தால் மணல் புகும், எனவே இரண்டு. உட்படை வைத்துத் தைத்தால் வியர்வை தேங்கும், எனவே வேண்டாம். பளபளக்கும் தோல் தூசியில் ஒரே நாளில் கெட்டுவிடும். கரடான சுவேட் என்றால் தட்டிவிட்டுப் போடலாம். மேற்தோலை உள்ளே மடித்து அடியில் ஒட்டும் நுட்பத்துக்கு இயந்திரமும் நேரமும் தேவை. மாறாக, தோலின் விளிம்பை வெளிப்புறமாக மடித்து அடிப்பலகைத் தோலோடு நேரே தைத்துவிட்டால் ஓர் ஊசியும் நூலும் போதும், மணல் நுழையும் இடைவெளியும் குறையும். டெசேர்ட் பூட்டைச் சுற்றி ஓடும் அந்தத் தையல் வரியைத்தான் இன்றைய விமர்சகர்கள் 'எளிமையின் உச்சம்' என்று விதந்தோதுகிறார்கள். அது சிறிய பட்டறையின் வறுமையும் வாடிக்கையாளரின் தேவையும் சந்தித்த இடத்தில் பிறந்த வரி. வடிவமைப்பு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

கெய்ரோக்காரரும் அதைச் சூனியத்திலிருந்து படைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேற்குப் பாலைவனத்தில் தென்னாபிரிக்கப் படைப்பிரிவுகள் போரிட்டன. 1942 ஜூனில் தோப்ரூக் வீழ்ந்தபோது பிடிபட்டவர்களுள் ஒரு முழுத் தென்னாபிரிக்கப் பிரிவே அடங்கியது. அந்த நாட்டவர் தலைமுறைகளாக அணிந்துவந்த 'பெல்ட்ஸ்கூன்' என்னும் புல்வெளிச் சப்பாத்தே கெய்ரோ மாதிரிக்கு முன்னோடி என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பதனிடாத தோல், வெளிப்புறமாக மடித்த விளிம்பு, கணுக்கால் உயரம் என எல்லாம் அதிலும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் நன்னம்பிக்கை முனைக்கு வந்திறங்கிய ஒல்லாந்தக் குடியேறிகளின் சப்பாத்து அது என்று நூல்கள் எழுதும். அதே நூல்கள் அடுத்த வரியில் மெல்லிய குரலில், அதன் மூலம் அம்மண்ணின் கொய்கொய் மக்களின் தோற்காலணி என்றும் எழுதும். எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போனாலும் இதே அமைப்புத்தான்: உரத்த குரலில் ஒரு பெயர், அடுத்த வரியில் மெல்லிய குரலில் ஒரு கூட்டம்.

இந்த இடத்தில் சப்பாத்தின் பெயரையே சற்று உற்றுப் பார்க்கலாம். ஆங்கிலக் காலணிகளுக்குப் பெயர் வைக்கும் முறை விசித்திரமானது. ஒக்ஸ்போர்ட் என்பது பல்கலைக்கழக நகரின் பெயர். வெலிங்டன் என்பது தளபதியின் பெயர். ஜோத்பூர் பூட் என்பது ராஜஸ்தானின் சமஸ்தானத்தின் பெயர். டெசேர்ட் பூட்டின் உறவினரான 'சக்கா' பூட்டின் பெயர்கூட இந்திய மண்ணில் ஆங்கிலேயர் பழகிய போலோ ஆட்டத்தின் ஒரு சுற்றைக் குறிக்கும் சொல். இப்படி ஊரையும் ஆளையும் ஆட்டத்தையும் நினைவில் வைக்கத் தெரிந்த மரபு, கெய்ரோவில் பிறந்த சப்பாத்துக்குக் 'கெய்ரோ பூட்' என்று பெயர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பாலைவனம் என்று வைத்தது. செய்தவனின் நகரம் போய், வாங்கியவன் போரிட்ட நிலம் பெயராயிற்று. பாலைவனத்தில் யாரும் சப்பாத்துத் தைப்பதில்லை; ஆகவே அந்தப் பெயர் யாருக்கும் எதையும் கடன்பட்டிருப்பதாகச் சொல்வதில்லை. வேண்டுமென்றே சூழ்ச்சி செய்து வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சூழ்ச்சி தேவைப்படாத அளவுக்கு அது இயல்பாக நடந்தது என்பதே என்னை உறுத்துகிறது.

எங்கள் தொழிலிலும் இதே இயல்பு உண்டு. மாவட்டத்தில் வெயிலிலும் மழையிலும் அலைந்து செய்தி சேர்த்தவர் 'எமது நிருபர்' ஆகிவிடுவார். அதைத் திருத்தி ஒழுங்காக்கியவர் பெயரே வராது. முதற்பக்கத்தில் விமர்சனம் எழுதுபவருக்குப் படத்துடன் பெயர் வரும். முப்பதாண்டுகளுக்கு மேல் இந்தத் துறையில் இருந்தவன் என்பதால் 'வடிவமைத்தவர்: நேதன் கிளார்க்' என்ற வரியைப் படிக்கும்போது எனக்கு அந்த 'எமது நிருபர்' நினைவுக்கு வந்துவிடுகிறார்.

கிளார்க் குடும்பத்தின் பழைய வரலாற்றில் இதற்கு நேரெதிரான ஒரு நிகழ்வு இருக்கிறது. நேதனின் கொள்ளுப்பாட்டி எலினோர் கிளார்க் 1850களில் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடை நடத்தினார். அடிமைகளின் கைபடாத பருத்தியில் நெய்த துணி மட்டுமே அங்கே விற்கப்பட்டது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் தோட்டங்களில் சாட்டையடிக்குள் விளைந்த பருத்தியை உடுத்துவதில்லை என்ற இயக்கத்தின் சிறிய கிராமத்துக் கிளை அது. ஒரு முழம் துணியை வாங்குமுன் இந்தப் பருத்தியைப் பறித்தவர் யார் என்று கேட்ட பெண்மணி அவர். வேறு பலரும் இதே குடும்பத்தில் அடிமை ஒழிப்பையும் பெண்களின் வாக்குரிமையையும் ஆதரித்துக் குரல் கொடுத்தவர்கள். பிரித்தானிய நாடாளுமன்றத்தில் புகழ்பெற்ற பேச்சாளரான ஜோன் பிரைட் இவர்களது சம்பந்தி. அப்படிப்பட்ட வீட்டிலேயே, ஒரு நூற்றாண்டு கழிந்தபின், இந்தச் சப்பாத்தை முதலில் தைத்தவர் யார் என்ற கேள்வி கேட்கப்படவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லிப் பயன் என்ன?

இனி அடித்தோலுக்கு வருவோம். இலங்கை வாசகர்களுக்கு இது அயலார் கதையாகத் தோன்றலாகாது.

1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசன் காட்டிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் இறப்பர் விதைகளை இலண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை சில ஆயிரம் மாத்திரமே. அவற்றுள் ஏறத்தாழ 1,900 நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களின் வரலாறு அங்கே தொடங்குகிறது. இதிலும் விக்காம் பெயர் நிலைத்தது; விதை பொறுக்கிக் கொடுத்த அமேசன் பழங்குடியினரின் பெயர்கள் நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் மலைச்சரிவுகள் இறப்பர்த் தோட்டங்களாயின. தேயிலையோடு மட்டும் நாம் தொடர்புபடுத்திப் பழகிவிட்ட இந்தியத் தமிழ்த் தொழிலாளர்கள் அங்கும் இருந்தார்கள். அயற்கிராமங்களின் சிங்களத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் இறப்பர் விலை சரிந்தது. 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் இலங்கையிலும் மலாயாவிலும் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதிக்கும் அளவுக்கு நிலைமை மோசமாயிற்று. டயருக்கு வெளியே இறப்பருக்குப் புதிய பயன்கள் தேடப்பட்ட அந்தப் பத்தாண்டில்தான் கிறேப் அடித்தோல் சப்பாத்துகளில் பரவலாயிற்று. பின்னர் 1942இல் மலாயாவும் இந்தோனேசியத் தீவுகளும் ஜப்பானியரின் கையில் வீழ்ந்தபோது நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் பெரும்பங்கு இலங்கையிலிருந்தே போக வேண்டியதாயிற்று. மரங்கள் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று அளவுமீறிப் பால் வெட்டப்பட்ட காலம் அது. 1952இல் சீனாவோடு செய்துகொண்ட இறப்பர்-அரிசி உடன்படிக்கை நம்மவர் எல்லோருக்கும் தெரியும். அந்த இறப்பரின் இன்னொரு வடிவம் மேனாட்டு இளைஞரின் பாதத்துக்கு அடியில் போனது பலருக்குத் தெரியாது.

கிறேப் செய்யும் முறையை விளக்கினால் அதன் அருமை புரியும். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், மரப்பட்டையில் சாய்வாக மிக மெல்லிய சீவலை எடுக்க வேண்டும். கத்தி ஆழப்போனால் மரம் காயப்படும். மேலோட்டமாய்ப் போனால் பால் வராது. சிரட்டையில் வடிந்த பால் முற்பகலுக்குள் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். அங்கே பாலிலுள்ள மஞ்சள் கூறு முதலில் பிரித்து நீக்கப்படுகிறது. எஞ்சியது அமிலமிட்டு உறையவைக்கப்பட்டு, நீர் பாய்ந்தோடும் உருளைகளுக்கிடையே மீண்டும் மீண்டும் பிழியப்பட்டு, சுருக்கம் விழுந்த மெல்லிய தாளாகிறது. மற்ற இறப்பர்த் தாள்களைப் போல் இதற்குப் புகையூட்டுவதில்லை. இளஞ்சூட்டுக் காற்றில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். பிறகு பெண் தொழிலாளர்கள் தாள்களை வெளிச்சத்தில் பார்த்து, தூசும் புள்ளியும் விழுந்த இடங்களைக் கையால் வெட்டி நீக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடித்தோலுக்குரிய தடிப்பாக ஒட்டுகிறார்கள்.

டயரிலும் குழாயிலும் உள்ள இறப்பர், கந்தகம் சேர்த்து வேகவைத்து உருமாற்றப்பட்டது. கிறேப் அடித்தோல் அப்படி உருமாறவில்லை. மரம் தந்த பொருள் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. சூட்டில் சற்று இளகுவதும் தெருத்தூசியை எல்லாம் அள்ளி ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். இறப்பரால் ஆன பொருள்கள் அனைத்திலும் பால் வெட்டியவரின் கைக்கு மிக அண்மையில் இருப்பது இதுதான். இந்தச் சிறப்புக் கிறேப்பை உற்பத்தி செய்வதில் உலகின் முன்னணி நாடு இலங்கை. சந்தையில் அதற்கு என்ன பெயர் தெரியுமா? 'பிளான்டேஷன் கிறேப்'. அதாவது தோட்டத்துக் கிறேப். எந்தத் தோட்டம், எந்த நாட்டின் தோட்டம் என்பது பெயரில் இல்லை. தேயிலைப் பெட்டியில் 'சிலோன்' என்ற சொல் விற்பனைக்கு உதவியதால் ஒட்டிக்கொண்டது. அடித்தோலில் அது தேவைப்படவில்லை. மேலே பாலைவனம், கீழே தோட்டம். ஒரு சப்பாத்தின் இரண்டு பெயர்களிலும் நிலம் மட்டும் இருக்கிறது, ஆட்களைக் காணோம்.

ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்நாட்டுத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரின் பிரசாவுரிமையைப் பறித்தது. 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களது வாக்குரிமையையும் கொண்டுபோயிற்று. அதே 1949இல்தான் சிக்காகோக் கண்காட்சியில் கிறேப் அடி வைத்த அந்தச் சப்பாத்து வரவேற்கப்பட்டது. இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு எதுவும் கிடையாது. அப்படிச் சொன்னால் அது மிகைப்படுத்தலாகும். ஆனால் தான் வெட்டிய பால் எல்லைகளைத் தாண்டிச் சுதந்திரமாகப் பயணம் செய்த நாள்களில், வெட்டியவருக்கு எந்த நாட்டின் கடவுச்சீட்டும் இல்லாதிருந்தது என்பது வரலாறு.

சப்பாத்து அதன் பின்னர் நெடுந்தூரம் நடந்தது. அறுபதுகளில் இங்கிலாந்தின் 'மொட்ஸ்' இளைஞர்கள் அதை அணிந்து ஸ்கூட்டர் ஓட்டினார்கள். 1968 மே மாதத்தில் பாரிஸ் வீதிகளில் அரசை எதிர்த்து நின்ற மாணவர்களின் அடையாளங்களுள் அதுவும் ஒன்றாயிற்று. போர் அதிகாரிகளுக்காகச் செய்யப்பட்ட பொருள் போரெதிர்ப்புத் தலைமுறையின் காலில் ஏறியது வரலாற்றின் விளையாட்டு. எல்லாவற்றிலும் வியப்பானது ஜமெய்க்கா. கிங்ஸ்ரன் நகரின் ஏழை இளைஞர்கள் கிளார்க்ஸ் சப்பாத்தைத் தங்கள் கௌரவத்தின் சின்னமாகவே ஆக்கிக்கொண்டார்கள். இசைக்கலைஞர்கள் அதைப் பற்றிப் பாடல் பாடினார்கள். 2010இல் வைப்ஸ் காட்டெல் வெளியிட்ட பாடலின் தலைப்பே 'கிளார்க்ஸ்'. இதைப் பற்றி 2012இல் ஒரு தனி நூலும் வந்தது. முன்னாள் குடியேற்ற நாடொன்றின் தெருப்பிள்ளைகள் ஆங்கிலக் கிராமத்துச் சப்பாத்துக்கு எந்த விளம்பர நிறுவனமும் தந்திருக்க முடியாத உயிரைக் கொடுத்தார்கள்.

ஸ்ட்ரீட் கிராமத்துக்கும் நல்ல காலம் நீடிக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. உற்பத்தி படிப்படியாக மலிவுக் கூலி நாடுகளுக்குப் போயிற்று. 2005இல் அவ்வூரில் கிளார்க்ஸ் சப்பாத்துத் தயாரிப்பு முற்றாக நின்றது. 2021இல் ஹொங்கொங்கைத் தளமாகக் கொண்ட முதலீட்டு நிறுவனம் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியபோது, ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் குடும்ப ஆதிக்கம் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டின் இறுதியில், வேலையை விட்டு நீக்கிக் குறைந்த நிபந்தனைகளில் மீண்டும் சேர்க்கும் திட்டத்தை எதிர்த்து ஸ்ட்ரீட்டின் களஞ்சியத் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கெய்ரோப் பட்டறைக்காரர் அன்று எப்படி வரலாற்றிலிருந்து நழுவினாரோ, அப்படியே ஸ்ட்ரீட்டின் தையற்காரரும் நழுவினார். எஞ்சியது முத்திரைப் பெயர். அது மட்டுமே விற்கவும் வாங்கவும் கூடியதாக இருந்தது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும் என்கிறீர் என வாசகர்கள் கேட்கலாம். எண்பதாண்டுகளுக்கு முந்திய கெய்ரோக் கைவினைஞரின் பேரப்பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பங்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. கைவினை என்பது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருப்பது. அதற்கு வேலி போட்டால் கொய்கொய் மக்களிடமிருந்து கெய்ரோவுக்கே அது வந்திருக்காது. ஆனால் பெற்றுக்கொண்ட இடத்தைச் சொல்வது செலவில்லாத காரியம். அது முடியாத காரியமும் அன்று என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு இருக்கிறது. 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் நகர ஆடையலங்கார மேடையில் காட்டிய தோற்செருப்பு அச்சொட்டாகக் கோலாப்பூர்ச் செருப்பாக இருந்தது. 2019இலேயே புவிசார் குறியீடு பெற்றுவிட்ட அச்செருப்பைத் தலைமுறை தலைமுறையாகத் தைத்து வருவோர் மகாராஷ்டிராவிலும் கர்நாடகத்திலும் பெரும்பாலும் தலித் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். மேடையில் இந்தியா என்ற சொல்லே உச்சரிக்கப்படவில்லை. எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களுக்குள் நிறுவனம் மூலத்தை ஒப்புக்கொண்டது. ஊர்க் கைவினைஞரோடு பேச்சுக்கும் இறங்கி வந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நேதன் கிளார்க்கின் காலத்தில் இப்படிக் கேட்க யாரும் இருக்கவில்லை. அவர் அனுப்பிய மற்றச் சித்திரமான சப்பிளிச் செருப்பைப் பற்றி இன்றுவரை எவரும் கேட்டதாக நான் அறியேன்.

2025இல் ஸ்ட்ரீட்டில் சப்பாத்துத் தொழிலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டிருக்கிறது. நூற்றாண்டுகளாகச் சேர்த்த காலணிகளும் ஆவணங்களும் அங்கே பேணப்படுகின்றன. நேதன் கிளார்க்கின் பெயர் அங்கே மதிப்போடு இருக்கும், இருக்கவும் வேண்டும். அந்தப் பெயருக்கு மேலே கான் எல்-கலீலி என்று ஒரு வரியும், கீழே அடித்தோலுக்கு அருகில், கிறேப் எந்த நாட்டின் எந்த மாவட்டத்திலிருந்து வருகிறது என்று இன்னொரு வரியும் எழுத அந்தச் சுவரில் இடம் தாராளமாக இருக்கும். கிளார்க்ஸ் நிறுவனத்தின் சப்பாத்துப் பெட்டியின் மூடியிலும் இருக்கிறது.